வாய் திறக்காமல் விமானம் ஏற்றிய கதை

புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச்சு வராது. வந்திருந்தால் இந்த வேலையே கிடைத்திருக்காது.

நம் வேலை என்ன? ஒரு விளையாட்டு கடைக்குப் போகும் முன், அதைப் பார்த்தே இராத ஓர் ஆளை உட்கார வைக்கிறோம். அவர் விளையாடுகிறார். நாம் பார்க்கிறோம். எங்கே தடுமாறுகிறார், எங்கே சிரிக்கிறார், எங்கே எழுந்து போய்விடலாமா என்று வாசலைப் பார்க்கிறார், இதைக் கவனிக்கிறோம். நடுவில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நீங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறீர்கள். கேமரா இருக்கிறது. எனக்கு ஒரு ஸ்டூல் இருந்தது.

எண்பதுகளில் திருவண்ணாமலையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தேன். ஐந்தாவது வரை படிப்பு. ரிப்பன் மாற்றுவேன், மெஷினுக்கு எண்ணெய் விடுவேன், கூட்டுவேன். நடத்தியவர் ஓர் அக்கா. பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. வேலூரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணக்கில் பட்டம் வாங்கியவர். அவர் சிரித்தால் பக்கத்து வளையல் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

அவருடைய தம்பி சிங்கப்பூரில் இருந்தார். லீவில் வந்தபோது ஒரு ஹோம் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அக்காவிடம் விட்டுப் போனார். பெரிய சிலேட்டு மாதிரி இருக்கும். டி.வி.யில் மாட்ட வேண்டும். டேப் ரெக்கார்டரில் கேசட் போட வேண்டும். கேசட் கத்தும், பூனைகள் சண்டை போடுகிற மாதிரி. கத்தி முடித்ததும் விளையாட்டு வரும். வந்த கேசட்டுகளில் ஒன்று விமானம் ஓட்டும் விளையாட்டு. வெளிநாட்டில் செய்தது. அக்கா நாள் கணக்கில் உட்கார்ந்தும் விமானம் தரையை விட்டு எழும்பவில்லை. திரை முழுக்க முள்ளு முள்ளாக வட்டங்கள்.

"இன்னாப்பா இது, கடிகார ரிப்பேர் கடையா?" என்றார். "நானே ஒண்ணு செய்யறேன் பாரு. தெருவுல போறவங்க வந்து உக்காந்தா ஓட்டணும். யாரையும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

செய்தார். டைப் கிளாஸ் இல்லாத மதியமெல்லாம் அதுதான் வேலை. ஒரு விமானம், ஓர் ஓடுபாதை, நம் மலை. மலை என்றால் ஒரு பச்சை முக்கோணம். வட்டம் இரண்டே இரண்டு, வேகத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. மேலே, கீழே, இடது, வலது, வேகம் என்று ஐந்து பட்டன். அவற்றின் மேல் படம் வரைந்து ஒட்டினார். கிளம்பி, மலையை ஒரு சுற்று சுற்றி, இறங்க வேண்டும். முதல் பாடம் அவ்வளவுதான்.

மெட்ராஸில் கம்ப்யூட்டர் விற்கும் ஒருவருக்கு ட்ரங்க் கால் போட்டுப் பேசினார். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஆடி மாதம் முடிந்ததும் நானே வருகிறேன். உங்கள் தெருவில் போகிற ஓர் ஆளை நானே பிடிப்பேன். யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காமல் அவர் ஏறி இறங்கிவிட்டால், கேசட் போட்டு ஊர் ஊராக விற்கிறேன், உங்களுக்கு ஒரு மெஷினும் தருகிறேன். இறங்காவிட்டால் வேண்டாம்.

தம்பி ஏற்கெனவே கம்ப்யூட்டரைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அது போனால் இந்த விளையாட்டு ஒரு கேசட்டுக்குள் பூனைச் சண்டையாகவே கிடக்க வேண்டியதுதான். அக்காவுக்கு அந்தப் பச்சை முக்கோணம் உயிர்.

அவர் வருவதற்குள் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு ஓட்ட வைத்துப் பார்த்தோம். பக்கத்தில் ஸ்டூலில் முதலில் உட்கார்ந்தது நான் இல்லை. பி.ஏ. படித்துக்கொண்டிருந்த ஒருவன், எங்களிடம் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்குப் படித்தவன். தங்கமான பிள்ளை. வாய் மட்டும் நிற்காது. "அத அமுக்குங்க அங்கிள். இல்ல, அது இல்ல, பக்கத்துல. ஆங்! இப்ப விடுங்க. விடுங்கன்றேன்ல!" எல்லோரும் அழகாக இறங்கினார்கள். அக்கா லட்டு வாங்கிக் கொடுத்தார். ஒருநாள் அவன் பரீட்சைக்குப் போனான். அன்று வந்தவர்களில் ஒருவரும் தரையை விட்டு ஏறவில்லை. அதுவரை விமானத்தை ஓட்டியது அவன் வாய்.

லட்டு சாப்பிட்டு முடித்திருந்தோம். திருப்பித் தர முடியாது.

அக்கா என்னைக் கூப்பிட்டார். "நான் டைப் அடிக்கறேன். நீ பக்கத்துல உக்காரு. இன்னா ஆனாலும் பேசக் கூடாது." உட்கார்ந்தேன். அடித்தார். முந்தானை நுனி மெஷின் உருளையில் மாட்டியது. பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வரிக்குத் திருப்பினார், இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. அதற்கடுத்த வரி. அவர் கழுத்து ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"புதுப் புடவைப்பா! பாக்கலியா நீ?"

தலையை ஆட்டினேன். பார்த்தேன் என்று.

"வாயத் தொறந்து சொல்லேன்!"

சொல்லவில்லை. முடிந்துவிட்டது என்று அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லையே. உருளைக்குள் மாட்டியபடியே சிரிக்க ஆரம்பித்தார். வளையல் கடைக்காரர் வந்துதான் முந்தானையை எடுத்துவிட்டார்.

எந்தக் குணத்துக்காக என் பெண்டாட்டி என்னைத் திட்டுவாளோ, அந்தக் குணத்துக்கு முதன்முதலாகச் சம்பளம் வந்தது.

அதன் பிறகு நான் பார்த்ததெல்லாம் எந்தத் திருவிழாவிலும் பார்த்ததில்லை. பூக்காரம்மா ஒருத்தர், விமானம் எழும்பியதும் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். இறங்கும்வரை கீழே வைக்கவில்லை. பஸ் கண்டக்டர் ஒருவர், கிளம்பும் முன் மேசையைத் தட்டி "ரைட், போலாம்!" என்றார். தான்தான் ஓட்டுகிறவர் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. தட்டிவிட்டு யாரோ ஓட்டுவார்கள் என்று காத்திருந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேர்க்கடலை விற்க வந்த ஒருவர், ஏறினார், எங்கேயும் திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தார். திரையில் வெறும் பச்சைக் கோடு. அக்கா பொறுக்க முடியாமல், "எங்கண்ணா போறீங்க?" என்று கேட்டுவிட்டார். "இரும்மா, ஊரு வந்துரும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தால் முகத்தில் தெரியாது. வயிறு மட்டும் வலிக்கும். அந்த மாதங்களில் வயிறு வலித்துக்கொண்டே இருந்தது.

ஒன்று கவனித்துக்கொள்ளுங்கள். விழுந்தவுடன் ஆட்கள் விளையாட்டைத் திட்ட மாட்டார்கள். தங்களைத் திட்டிக்கொள்வார்கள். "எனக்கு ராசி இல்லப்பா", "நமக்கெல்லாம் இது வராது." நம்பாதீர்கள். அவர் நல்லவர், அதனால் பழியை எடுத்துக்கொள்கிறார். பழி நம்முடையது.

எங்களுக்கு வந்த பெரிய சிக்கல் அப்படித்தான் மறைந்து கிடந்தது. ஏறுவதைச் சரி செய்தாகிவிட்டது, எல்லோரும் ஏறினார்கள். ஏறியதும் மலை இடது பக்கம் தெரியும். பெரிய அம்புக்குறி, இடது பக்கம் திரும்பு என்று காட்டும். விமானங்கள் இடது பக்கமாகச் சுற்றி இறங்குவதுதான் வழக்கம் என்று அக்கா ஏதோ புத்தகத்தில் படித்து அப்படி வைத்திருந்தார். உட்கார்ந்தவர்கள் அம்பைப் பார்த்தார்கள். மலையைப் பார்த்தார்கள். வலது பக்கம் திருப்பினார்கள். முழுசாகத் திரும்புவதற்குள் உயரம் கம்மியாகி, தரையில் மோதி, டி.வி. "புர்ர்" என்றது.

ஒருவர் இல்லை. எல்லோரும்.

"அம்பு சின்னதா இருக்குது" என்றார் அக்கா. பெரிதாக்கினார். பாதித் திரைக்கு அம்பு. "புர்ர்."

"பட்டன நான்தான் மாத்தி வெச்சிருக்கணும்" என்றார். இடதை வலதாக்கினார், வலதை இடதாக்கினார். அன்றைக்குக் கண்டக்டர் மறுபடி வந்தார். வலதை அமுக்கினார், இடது பக்கம் போனது. எழுந்து மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "ஸ்டேரிங் கட்டாயிடுச்சுமா, ஷெட்டுக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, விசிலை ஊதிக்கொண்டே போனார்.

ஏன் வலது பக்கம் போனீங்க என்று அக்கா ஒவ்வொருவரையும் கேட்டார். கேட்டது தப்பு. தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருவர் காற்று அந்தப் பக்கம் அடித்தது என்றார். ஒருவர் தனக்கு இடது கண் மங்கல் என்றார். பூக்காரம்மா மட்டும், "கை போச்சு, போயிட்டேன்" என்றார். அது ஒன்றுதான் நிஜம். நானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தபோது வலது பக்கம்தான் போனேன். எனக்கும் ஏன் என்று தோன்றவில்லை.

ஆடி முடியப் போகிறது. அக்கா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். சிரிப்பும் குறைந்தது. வளையல் கடைக்காரர், "அக்காவுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பௌர்ணமி வந்தது. அக்கா, அவர் வீட்டுக்காரர், நான், என் பெண்டாட்டி, நாலு பேரும் மலை சுற்றக் கிளம்பினோம். வெயில் இறங்கும் நேரம். அடி அண்ணாமலையில் டீ குடித்தோம். கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது, குடையை டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டார். "இருங்க, எடுத்துக்கினு வந்துடறேன்" என்று திரும்பி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

பத்தடி போகவில்லை. எதிரில் வந்த கூட்டம் அவரை விடவில்லை.

"எம்மா, இன்னா இப்டி எதுர்ல வர்றீங்க?"

"குடைய விட்டுட்டேங்க. தோ, அந்த டீக்கடைலதான்."

"குடையா முக்கியம்? போனாப் போவுது!"

"தோ தெரியுது பாருங்க, பெஞ்சு மேலயே இருக்குது."

ஓர் அம்மா தலையில் மூட்டையோடு நின்று, அக்காவின் தோளைப் பிடித்து அப்படியே திருப்பிவிட்டார். "மலைய வலது கைப் பக்கம் வெச்சிக்கினுதாம்மா நடக்கணும். நேரா போ. ஒரு சுத்து முடிச்சிட்டு, மறுபடி சுத்திக்கினு வந்து, குடைய எடுத்துக்கோ."

கண்ணுக்குத் தெரிகிற குடையை எடுக்க, மலையை இன்னொரு முறை முழுசாகச் சுற்றி வர வேண்டும். அந்த அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்களும் "ஆமாமா, அதான் சரி" என்றார்கள்.

அக்கா அப்படியே நின்றார். வலது பக்கம் மலையைப் பார்த்தார். தன் வலது கையைப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள். சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மூட்டைக்கார அம்மா பயந்துபோய் விபூதி பூசிவிட்டார்.

"ஏம்பா, ஊரையே எதிர்வலம் போவச் சொல்லிக்கினு இருந்திருக்கேம்பா! எவன் போவான்? செத்தாலும் போவ மாட்டான்! அத்தினி பேரும் விழுந்தாங்களே தவிர, போனாங்களா பாரு!"

நானும் சிரித்தேன். என் பெண்டாட்டி ஓடி வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு அது புதுசு.

குடை போயிற்று. இன்னொரு சுற்று சுற்ற எங்களுக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலையிலேயே அக்கா ஓடுபாதையைத் திருப்பிப் போட்டார். இப்போது கிளம்பினால் மலை வலது பக்கம். பட்டன்களைப் பழையபடி மாற்றினார். அம்புக்குறியை எடுத்தே விட்டார். அம்பு எதற்கு? உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஏறினார்கள், வலது பக்கம் திரும்பினார்கள், சுற்றினார்கள், பாதிப் பேர் இறங்கவும் செய்தார்கள். "மெட்ராஸ்ல வாங்கறவங்களுக்கு?" என்று அவர் வீட்டுக்காரர் கேட்டார். "ஏன், மெட்ராஸ்ல கோயிலு இல்லியா? அவங்க மட்டும் எப்டி சுத்தறாங்களாம்?" என்றார் அக்கா.

ஆள் ஒன்றும் தெரியாமல் வருகிறார் என்று நினைக்காதீர்கள். உடம்பு நிறையத் தெரிந்துகொண்டுதான் வருகிறார். அவரே சொல்ல மாட்டார். அவருக்கே தெரியாது. நீங்கள்தான் எங்கேயாவது எதிரில் நடந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் பாதிப் பேர்தான் இறங்கினார்கள். மீதிப் பாதி "புர்ர்". இறங்குவதைச் சரி செய்ய நேரமில்லை. மெட்ராஸ்காரர் வந்துவிட்டார்.

சஃபாரி சூட், கண்ணாடி, கையில் பெட்டி. காபியைக்கூடத் தொடவில்லை. நேராக வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். எங்களிடம் ஏற்கெனவே விளையாடியவர்களை எல்லாம் அன்றைக்கு அந்தப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லியிருந்தோம். சொன்ன பேச்சைக் கேட்டார்கள். கேட்டதால் தெரு காலி. முனையில் ஒரு போலீஸ் கான்ஸ்டபிள் மட்டும் நின்றிருந்தார். பெரிய மீசை, பெரிய பூட்ஸ்.

"அவர்தான்" என்றார் மெட்ராஸ்காரர். போய்க் கூப்பிட்டார். "சார், ரெண்டு நிமிஷம் உள்ள வர்றீங்களா? ஏரோப்பிளேன் ஓட்டணும்."

"குடிச்சிருக்கியா?" என்றார் கான்ஸ்டபிள்.

விளக்கிச் சொல்லி அழைத்து வருவதற்குள் அக்கா டி.வி. கண்ணாடியை முந்தானையால் இரண்டு தடவை துடைத்துவிட்டார். கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி டி.வி. மேல் வைத்தார். உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. "மேல ஏறணும், மலைய சுத்தணும், எறங்கணும். யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க" என்றார் மெட்ராஸ்காரர். நான் ஸ்டூலை விட்டு எழுந்து மெட்ராஸ்காரருக்குப் பக்கத்தில் நின்றேன்.

கான்ஸ்டபிள் பட்டன்களைப் பார்த்தார். படங்களைப் பார்த்தார். வேகப் பட்டனை அமுக்கினார். விமானம் ஓட ஆரம்பித்தது. வலது பக்கம் பச்சை முக்கோணம் மெல்ல எழுந்தது.

"அட, நம்ம மலை!" என்றார்.

கையை எடுத்துவிட்டார். குனிந்தார். மலைக்கு முன்னால் பூட்ஸோடு உட்கார அவருக்கு மனசு ஒப்பவில்லை. கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

விமானம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர் மேசைக்கு அடியில் இருக்கிறார். ஓடுபாதை குறைந்துகொண்டே வருகிறது. போலீஸ் பூட்ஸ். எத்தனை ஓட்டை, எத்தனை முடிச்சு! அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

அப்போது பக்கத்தில் மெட்ராஸ்காரர் மூச்சை இழுத்தார். "சார்! சார், பிளே..."

எனக்கு யோசிக்க நேரமில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. இவர் வாயிலிருந்து வார்த்தை வந்து, அதைக் கேட்டு கான்ஸ்டபிள் தூக்கினால், நாளைக்கு இவரே சொல்வார், நான் சொல்லிக்கொடுத்ததால் ஏறினார், செல்லாது என்று. இவர் சொல்லாமல் விமானம் விழுந்தால் விழட்டும். அது எங்கள் விளையாட்டு விழுந்தது. பரவாயில்லை.

கை போய்விட்டது. மெட்ராஸ்காரர் வாயைப் பொத்தினேன். நன்றாகவே பொத்தினேன். அவர் கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையானது.

ஒரு பூட்ஸ் கழன்றது. கான்ஸ்டபிள் தலையைத் தூக்கினார். ஓடுபாதை முடிந்து, கோடு கோடாக மரங்கள் வந்துகொண்டிருந்தன. "யப்பா!" என்று கத்தி, மேலே என்கிற பட்டனை உள்ளங்கையால் ஓர் அறை அறைந்தார். மரங்கள் கீழே போயின.

"தூக்கிட்டேன்! யோவ், தூக்கிட்டேன்யா!" என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல்.

வலது பக்கம் திருப்பினார். கேட்க வேண்டுமா. மலை கூடவே வந்தது. ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் அடுத்த பூட்ஸ். அது கழன்று மேசைக்கு அடியில் உருண்டது. பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விமானம் தலை குப்புறச் சாய்ந்தது. என் கைக்குள் மெட்ராஸ்காரர் ஏதோ ஒரு நீண்ட வாக்கியம் சொன்னார். சூடாக இருந்தது. கான்ஸ்டபிள் நிதானமாகக் கையை இறக்கி, விமானத்தை நிமிர்த்தி, "அண்ணாமலையானுக்கு" என்று குரல் கொடுத்தார். வாசலில் கூடியிருந்த டைப் கிளாஸ் பிள்ளைகளும் வளையல் கடைக்காரரும் "அரோகரா!" என்றார்கள். அது சொல்லிக்கொடுத்தது ஆகாது என்று விட்டுவிட்டேன்.

இறங்கினார். ஒரு குதி. இன்னொரு குதி. ஓடுபாதையைத் தாண்டி, புல்லில் கொஞ்சம் ஓடி, நின்றது. "புர்ர்" வரவில்லை.

கான்ஸ்டபிள் பூட்ஸ்களைக் கையில் எடுத்துக்கொண்டார். "இது கடைக்கு எப்ப வருதும்மா?" என்று அக்காவைக் கேட்டார். "வந்தா சொல்லி அனுப்புங்க" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு போய்விட்டார்.

நான் கையை எடுத்தேன். மெட்ராஸ்காரர் கன்னத்தில் என் விரல் பதிந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யோவ். என் வாயவே பொத்திட்டியே?"

"பேசிடுவீங்களோன்னு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

நம் வாயை அடக்குவது பாதி வேலை. பக்கத்தில் நிற்கிறவர் வாய் மீதிப் பாதி. அவர்தான் பெரியவர், அவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்றால், அவர் வாயைத்தான் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களைக் கையைப் பயன்படுத்தச் சொல்லவில்லை. அது அன்றைக்கு.

மெட்ராஸ்காரர் நாற்காலியைப் பார்த்தார். சஃபாரி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். உட்கார்ந்தார். "எங்க, நான் ஒரு வாட்டி" என்றார்.

"புர்ர்."

மத்தியான பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸும் போயிற்று. காபி இரண்டு தடவை சூடு பண்ணி வைத்து ஆறியது. ஒருமுறைகூட அவர் இறங்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கேசட்டு போட்டுடலாம்மா. மெஷினு லாரில அனுப்பறேன்" என்றார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். மெட்ராஸ்காரர் அதைப் பார்க்கவில்லை. "அது சரி, எறங்கும்போது இன்னா அமுக்கணும்? வேகத்தையா, கீழயா?"

நாங்கள் பேசவில்லை.

"சும்மா சொல்லுங்கம்மா. நான்தான் ஓகே பண்ணிட்டேனே!"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். விமானம் மலையை முழுசாகச் சுற்றி, ஓடுபாதையை நெருங்கி, மூக்கைத் தரையில் குத்திக்கொண்டது.

"இன்னொரு வாட்டி" என்றார்.